வீடும் ஆளும்: குடும்ப ஆலோசனையின் தமிழ்நாட்டு வழி

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி அச்சன்புதூர். பக்கத்திலேயே வடகரை. மேற்கே மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே அடவிநயினார் அணை. நெல்லும் தென்னையும் விளையும் பூமி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெண்கள் பலர் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். ஆண்களில் கணிசமானோர் வளைகுடா நாடுகளிலோ மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலோ பிழைப்பு பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசாமல் போனாலோ, வளர்ந்த பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாலோ, கட்டிக்கொடுத்த பெண் பெட்டியோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்டாலோ யாரிடம் போவார்கள்? முதலில் தாய்மாமன், பெரியப்பா. அடுத்து ஊர்ப் பெரியவர்கள், ஜமாத், பங்குத்தந்தை. கைமீறிப் போனால் அனைத்து மகளிர் காவல் நிலையம். தூக்கமும் பசியும் போய் உடம்பு உருகினால் தென்காசி ஆஸ்பத்திரி, அதற்கும் மேல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி. பயிற்சி பெற்ற உளநல ஆலோசகர் என்று ஒருவர் இருக்கிறார் என்பது, இத்தனை படிகளும் ஏறி இறங்கிய பிறகுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது.

தனியாளுக்கும் தம்பதிக்கும் குடும்பத்துக்கும் ஆலோசனை சொல்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், அவர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. விடைக்கு வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. வேலூரிலும் சென்னையிலும் மஞ்சக்குடியிலும், அச்சன்புதூருக்குப் பக்கத்து ஊரான ஆய்க்குடியிலும் அறுபது எழுபது ஆண்டு அனுபவம் சேர்ந்திருக்கிறது. அந்த அனுபவம் இரண்டு பாடங்களைச் சொல்கிறது. வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளாமல் நம் ஊரில் மனத்துயரைத் தீர்ப்பது கடினம். வீட்டாரைச் சேர்க்கும்போது அந்த வீட்டிலேயே குறைந்த குரல் உள்ளவரைக் காப்பாற்றத் தெரியாதவர் ஆலோசகர் ஆக முடியாது. இந்த இரண்டும் ஒருசேரக் கைவருவதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

உறவினர் உடன் இருந்த மருத்துவம்

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் டாக்டர் வித்யா சாகர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். நோயாளிகளின் உறவினர்கள் தங்குவதற்கு மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களை அடித்துக் கொடுத்தார். வீட்டார் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். நோயைப் பற்றி அவரே உட்கார்ந்து அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். பைத்தியம் என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டுப்போகும் இடமாக இருந்த மருத்துவமனை, கூட்டிக்கொண்டு திரும்பிப் போகும் இடமாக மாறத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் அதே வழியை நிலையான அமைப்பாக்கியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய அதன் மனநல மையத்தில், உள்நோயாளியோடு குடும்பத்தில் ஒருவராவது தங்க வேண்டும் என்பது சிகிச்சையின் பகுதியாகவே வைக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய கோல்மையரும் பெர்னாண்டசும் இந்த முறையைப் பற்றி 1963இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1977இல் குடும்ப மனநல மையம் தனியாகவே உருவாயிற்று. முழுக் குடும்பமும் வந்து தங்கி, தம்பதியாகவும் குடும்பமாகவும் சிகிச்சை பெறும் இடம் அது.

இதே காலத்தில் மேற்கில் குடும்பச் சிகிச்சை பிறந்த கதை வேறு. அங்கே தொடக்கம் சந்தேகத்தில் இருந்தது. 1948இல் ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு கருத்தை முன்வைத்தார். 1956இல் கலிஃபோர்னியாவில் கிரிகரி பேட்சனும் அவர் கூட்டாளிகளும், வீட்டில் ஒன்றுக்கொன்று முரணான செய்திகளைக் கேட்டுக் கேட்டே பிள்ளைக்கு மனச்சிதைவு வருகிறது என்ற விளக்கத்தைத் தந்தார்கள். தாய்மீது பழி போட்ட அந்த விளக்கங்களைப் பின்னாளைய ஆய்வுகள் தாங்கிப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குள் எத்தனையோ தாய்மார் குற்றவாளிகளாக நின்றுவிட்டார்கள். அமிர்தசரசும் வேலூரும் எதிர்த் திசையிலிருந்து புறப்பட்டன. அங்கே குடும்பம் துணைக்கு வந்த கை. டாக்டர் போதாது, நர்ஸ் போதாது, பணம் போதாது என்ற நிலையில் எடுத்த முடிவுதான் அது. ஆனாலும் அதன் பலன் ஆழமானது.

பலனுக்குச் சான்று உண்டு. நோயாளியைக் குறை சொல்லிக் கொண்டும் அளவுமீறிப் பொத்திக்கொண்டும் இருக்கும் வீட்டில் மனச்சிதைவு திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது என்பதை லண்டன் ஆய்வாளர்கள் முன்பே காட்டியிருந்தார்கள். அதே அளவுகோலை வைத்துச் சண்டிகரில் செய்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. அங்குள்ள உறவினர்கள் லண்டன் உறவினர்களைவிடக் குறைவாகவே குறை சொன்னார்கள் என்றது அது. 2002இல் நிம்ஹான்ஸ் ஆய்வாளர் ரகுராமும் உடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்தார்கள். மருந்து எதுவும் தராத அந்த இடத்தில், உறவினர் துணையோடு சில வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. கட்டுப்பாடு இல்லை, பயமுறுத்தல் இல்லை, எளிய கோயில் வேலைகள், பக்கத்தில் தன் ஆள்.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப வழியில்லாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அங்குள்ள தர்காவில் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து, பணம் கட்டி, விட்டுவிட்டுப் போன மனிதர்கள் அவர்கள். முத்துசாமி கோயிலுக்கும் ஏர்வாடிக் கொட்டகைக்கும் உள்ள பெரிய வேறுபாடு, பக்கத்தில் சொந்தம் இருந்ததா இல்லையா என்பதுதான். மனம் கலங்கியவர்களைக் குற்றால அருவியில் நிறுத்தினால் தெளியும் என்று நம்பி அழைத்துவரும் வழக்கம் தென்காசிப் பக்கத்திலும் உண்டு. அப்படிக் கூட்டிவருபவர்களின் நம்பிக்கையைப் பழிக்காமல், அவர்கள் கையைப் பிடித்து மருத்துவம் வரைக்கும் அழைத்துப்போகத் தெரிந்த ஆள்தான் இங்கே தேவை.

சுமையைக் கேட்ட கேள்விகள்

குடும்பம் தாங்குகிறது என்று புகழ்ந்துவிட்டால் போதாது. தாங்குகிறவர் என்ன ஆகிறார் என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை முறைப்படி முதலில் கேட்டவர்களில் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஷைலா பாயும் ஆர்.எல். கபூரும் முக்கியமானவர்கள். 1981இல் அவர்கள் வெளியிட்ட குடும்பச் சுமை அளவை இன்றைக்கும் இந்திய ஆய்வுகளில் புழங்குகிறது. அதன் கேள்விகள் ஆறு பகுதிகளாகப் போகும்: பணக் கஷ்டம், அன்றாட வேலைகள் குலைவது, ஓய்வும் பொழுதுபோக்கும் போவது, வீட்டாருக்குள் உறவு கெடுவது, பார்த்துக்கொள்பவரின் உடல்நலம், அவருடைய மனநலம்.

அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்து வீடு ஒன்றில் உட்கார்ந்தால் என்ன தெரியவரும் என்று எண்ணிப் பாருங்கள். மகனுக்கு மருந்து வாங்க யாரிடம் கடன் வாங்கினீர்கள்? அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டி எத்தனை நாள் பீடிக் கட்டைக் கணக்குக் கொடுக்க முடியாமல் போனது? கல்யாணம் காதுகுத்து என்று போவதை நிறுத்திவிட்டீர்களா? இவனால் தங்கச்சிக்கு வரன் தள்ளிப்போகிறதா? உங்களுக்குச் சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும்போது பல தாய்மார் அழுதுவிடுவார்கள். அதுவரைக்கும் அவர்களை யாரும் நோயாளியின் அம்மா என்பதைத் தாண்டி ஒரு ஆளாக வைத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். நல்ல ஆலோசகரின் வேலை இப்படிப்பட்ட நேரான, வீட்டு வேலையோடு ஒட்டிய கேள்விகளில்தான் தொடங்குகிறது.

சாந்தி ரங்கநாதன்: வாழ்க்கையும் முறையும்

ஓர் ஆலோசகரின் சொந்த வாழ்க்கை அவருடைய முறையை எப்படி உருவாக்குகிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் தெளிவான எடுத்துக்காட்டு சாந்தி ரங்கநாதன். அவருடைய கணவர் டி.டி. ரங்கநாதன், முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தைச் சேர்ந்தவர். குடிநோய்க்கு ஆளாகி 33 வயதில் இறந்துபோனார். வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்துக்கே குடிநோயாளியை எங்கே கொண்டுபோவது என்று தெரியாத காலம் அது. சமூகப் பணி படித்த சாந்தி, அமெரிக்காவில் ஹேஸல்டன் சிகிச்சை மையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிவது அதைத்தான். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

குடிகாரரின் மனைவியாக வாழ்ந்து பார்த்தவர் என்பதால், குடிப்பவரை மட்டும் சரிசெய்து அனுப்பினால் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மருத்துவமனையில் உடம்பிலிருந்து நஞ்சை இறக்குவது முதல் கட்டம்தான். அதன்பின் குழுவாகப் பேசுவது, தனியே ஆலோசனை, வகுப்பு என்று நாள்கள் போகும். இன்னொரு பக்கம் மனைவிக்கும் பெற்றோருக்கும் தனி நிகழ்ச்சி நடக்கும். குடி ஒரு நோய் என்பதை அவர்கள் அங்கே புரிந்துகொள்கிறார்கள். கணவருக்காக மேலாளரிடம் பொய் சொன்னது, கடனை ரகசியமாக அடைத்தது, பாட்டிலை ஒளித்தது, பிள்ளைகளை வாயைத் திறக்கவிடாமல் செய்தது எல்லாம் அன்பினால் செய்தவையே ஆனாலும் நோய்க்குத் துணைபோனவை என்பதைத் தாங்களே சொல்லக் கற்கிறார்கள். உன்னால்தான் அவர் குடிக்கிறார் என்று காலமெல்லாம் கேட்ட பெண்ணுக்கு, நீ காரணமில்லை என்ற ஒரு வாக்கியமே பெரிய சிகிச்சை.

நகரத்தில் செய்ததைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது அவருடைய அடுத்த முயற்சி. 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் குடிநோய்ச் சிகிச்சை முகாம் நடத்தினார்கள். மருத்துவமனைக் கட்டடம் தேவையில்லை. ஊர்க்காரர்கள் இடமும் உணவும் ஏற்பாடு செய்வார்கள், ஊர் அறிந்தவர்களே ஆட்களை அடையாளம் காட்டி அழைத்துவருவார்கள், குடும்பத்தாரும் வந்து சேர்வார்கள், முகாம் முடிந்த பிறகு தொடர்ந்து கவனிப்பார்கள். இந்த அனுபவத்தைச் சாந்தி 1994இல் அடிக்‌ஷன் என்ற சர்வதேச ஆய்விதழில் எழுதினார். சென்னை வரை போகப் பணமும் விடுப்பும் இல்லாத கூலிக்காரருக்கு, தன் மொழியில், தன் ஆட்களுக்கு நடுவே சிகிச்சை கிடைத்தது. தென்காசி போன்ற மாவட்டத்துக்கு நேராக எடுத்துக்கொள்ளத் தகுந்த முன்மாதிரி இது.

ஒரு எச்சரிக்கையும் இதில் உண்டு. பட்ட துன்பம் மட்டும் ஒருவரை ஆலோசகர் ஆக்கிவிடாது. சாந்தி ரங்கநாதன் தன் துயரத்தோடு படிப்பையும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டார். நானும் இப்படித்தான் கஷ்டப்பட்டேன் என்று தன் கதையைச் சொல்லத் தொடங்குகிற ஆலோசகர், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கதையைக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்.

ஆய்க்குடியிலிருந்து வீடுகளுக்கு

அச்சன்புதூருக்குப் பக்கத்து ஊர் ஆய்க்குடி. அங்கே எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைத் தென்காசிச் சீமையில் அறியாதவர் குறைவு. பொறியியல் மாணவராக இருந்தபோது 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். தனக்குச் சிகிச்சை தந்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்தபடி பட்டயக் கணக்கராக இருந்த எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பைக் குடும்ப ஆலோசனைக் கட்டுரையில் ஏன் பேச வேண்டும்? காரணம் அதன் வேலைமுறை. வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளைச் சிறுவயதிலேயே கண்டறிந்து, பயிற்சி பெற்ற சமுதாயப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தருகிறார்கள். கையில் கணினிப் பலகை, அதில் குழந்தையின் முன்னேற்றத்தைப் பதியும் செயலி. தொலைவிலிருந்து வல்லுநர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். குழந்தையை மட்டும் அளந்துவிட்டு நிற்பதில்லை. தாயின் மனச்சுமையையும் அளக்கிறார்கள், பெற்றோரோடு பேசுகிறார்கள். எழுந்து நிற்காத பிள்ளையைப் பெற்றவளுக்கு மாமியார் வீட்டில் என்ன பேச்சு விழும் என்பது அந்தப் பணியாளருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரும் அதே மண்ணில் பிறந்த பெண்.

இப்படிப் பெற்றோரோடு பேசுவது பயன் தருமா என்பதை வேலூரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் விரிவுரை. மற்றொரு பிரிவுக்கு அதே பத்து வாரம், கேள்வி கேட்டு, தம் அனுபவத்தைச் சொல்லி, ஒருவரோடொருவர் கலந்து பேசும் குழு. கலந்து பேசிய பெற்றோருக்குத்தான் பிள்ளையைப் பற்றிய மனப்பான்மை தெளிவாக மேம்பட்டது. 1999இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்த இந்த ஆய்வு ஆலோசனைத் துறைக்கே ஓர் அடிப்படையைக் காட்டுகிறது. அறிவுரையைக் கேட்டு மனிதர்கள் மாறுவது குறைவு. வாய்விட்டுப் பேசக் கிடைக்கும்போதுதான் மாறுகிறார்கள்.

அறைக்குள் நடப்பது

இனி முறையைப் பார்ப்போம். எவரையும் குறிக்காமல், இந்தப் பக்கத்து வீடுகளின் இயல்பை வைத்து ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணவர் துபாயில் பத்து ஆண்டு வேலை பார்த்து, நிறுவனம் மூடியதால் ஊரோடு வந்துவிட்டார். மனைவி இவ்வளவு காலம் மாமியாரோடு இருந்து, பீடி சுற்றி, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, வீட்டுக் கணக்கைத் தானே நடத்தியவர். இப்போது தினமும் சண்டை. மூத்த பையன் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குப் போக மறுக்கிறான். பையனுக்குக் கவுன்சிலிங் கொடுங்க என்று மூவரும் அவனை அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அனுபவமுள்ள ஆலோசகர் பையனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் புத்தி சொல்லி அனுப்பமாட்டார். முதலில் எல்லோரையும் உட்காரச் சொல்லி, யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள், யாரைக் கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பார். பிறகு ஒரு தாளில் மூன்று தலைமுறைக் குடும்பப் படத்தை வரைவார். மரே போவன் என்ற அமெரிக்க மருத்துவரின் வழியில் வளர்ந்த பழக்கம் இது. தாத்தா, பாட்டி, அப்பா, மைனி, நாத்தனார், யார் எப்போது இறந்தார், யார் வெளிநாடு போனார், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று வரைந்துகொண்டே வரும்போது, மாமியார் தன் கணவரும் இளம் வயதில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ பிழைக்கப் போனதைச் சொல்லக்கூடும். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து மனிதர்கள் அப்படிப் போன வரலாறு நீண்டது. ஆண் இல்லாத வீட்டை நடத்தப் பழகிய இரண்டு தலைமுறைப் பெண்கள், திரும்பி வந்த ஆணுக்கு வீட்டில் இடம் தேடுகிறார்கள் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். இடம் கிடைக்காத தகப்பன் பையன்மேல் கண்டிப்பைக் காட்டுகிறார். பையன் படுக்கையைவிட்டு எழ மறுக்கிறான்.

அதன்பின் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்ப்பார். பையனிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனைவியிடம் அடி உதை உண்டா என்று தனியே கேட்பார். கணவரிடம் வேலை போன நாளைப் பற்றிக் கேட்பார். மறுபடி எல்லோரையும் கூட்டும்போது, குடும்பப் பணத்தை யார் எப்படிப் பார்ப்பது, பையனிடம் யார் பேசுவது போன்ற சின்ன உடன்பாடுகளை அவர்களே செய்துகொள்ள வழிவிடுவார். இந்த மாதிரி வீட்டின் அதிகாரக் கட்டமைப்பையும் எல்லைகளையும் பார்த்துச் சிகிச்சை செய்யும் முறையை வளர்த்தவர் சால்வடார் மினுச்சின். அர்ஜென்டினாவில் யூதக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்து, நியூயார்க்கின் ஏழைச் சிறுவர்களோடு வேலை செய்து கற்றவர் அவர். பிலடெல்பியாவில் ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்த, பட்டம் இல்லாத மனிதர்களையே குடும்ப ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தார்.

தனியாளுக்கான ஆலோசனையில் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன அடிப்படை இன்றும் நிலைக்கிறது: தீர்ப்புச் சொல்லாமல் கேள், எதிரில் இருப்பவரின் நிலையிலிருந்து புரிந்துகொள், போலியாக இராதே. ஆனால் நம் ஊர் மனிதர் ஆலோசகரிடம் வழியும் எதிர்பார்க்கிறார். நீங்க சொல்லுங்க டாக்டர், என்ன செய்யட்டும் என்பார். 1973இல் மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேக்கி, இந்தியச் சூழலில் குரு-சீடர் உறவு சிகிச்சைக்கு ஒரு மாதிரியாகலாம் என்று எழுதினார். அதில் உண்மை இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு தலையாட்டும் ஆலோசகரை இங்கே மக்கள் அக்கறையற்றவர் என்று நினைத்துவிடுவார்கள். ஆயினும் குருவின் நாற்காலியில் உட்காருகிறவருக்கு அதிகாரம் தானாக வந்து சேரும். அந்த அதிகாரத்தை எதிரில் இருப்பவர் தானே முடிவெடுக்கும் வலு பெறும் வரைக்கும் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பவரே நல்ல ஆலோசகர்.

குடும்பமே நெருக்கும்போது

இதுவரை குடும்பத்தின் நன்மையைச் சொன்னேன். மறுபக்கத்தை மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும். சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபை 1984இல் தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர். அந்த நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சிதைவு நோயால் மணவாழ்க்கை முறிந்த பெண்களைப் பற்றியது அது. நோயின் களங்கத்தைவிட, வாழாவெட்டி என்ற களங்கமே அந்தப் பெண்களையும் அவர்கள் பெற்றோரையும் அதிகமாகச் சுட்டிருக்கிறது. வயதான தாய் தகப்பன்தான் அவர்களைத் தாங்கினார்கள். தங்களுக்குப் பிறகு யார் என்ற கவலை அவர்களைத் தின்றது. குடும்பம் என்று பொதுவாகச் சொல்கிறோம். தாங்கியது பிறந்த வீடு, கைவிட்டது புகுந்த வீடு.

வன்முறை உள்ள வீட்டில் கூடி உட்கார்ந்து பேசும் முறை ஆபத்தாகவும் முடியும். கணவர் எதிரில் உண்மையைச் சொன்ன பெண் அன்றிரவு அதற்கு விலை கொடுக்க நேரலாம். இதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 2006 விதிகள் ஆலோசனைக்கு எல்லை வகுக்கின்றன. வன்முறைக்கு நியாயம் கற்பிக்கும் பேச்சை ஆலோசனையில் எடுக்கவே கூடாது என்கின்றன. வழக்கில் சம்பந்தப்பட்டவரோ இருதரப்பின் உறவினரோ பொதுவாக ஆலோசகராக இருக்கக் கூடாது, இயன்றவரை பெண்களே ஆலோசகராக இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஊர்ப் பஞ்சாயத்திலும் காவல் நிலைய வாசலிலும் நடக்கும் சமரசத்தை இந்த விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா என்பது இங்கே நாள்தோறும் கேட்கும் வாக்கியம். அடித்தவனுக்கு நியாயம் தேடிக்கொடுக்கும் அந்த வாக்கியத்தை எந்தத் தகுதியான ஆலோசகரும் வாயில் எடுக்கக் கூடாது.

சின்ன ஊரில் இன்னொரு சிக்கல் ரகசியம். யார் எந்தக் கதவுக்குள் நுழைந்தார் என்பது சாயங்காலத்துக்குள் டீக்கடையில் தெரிந்துவிடும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை பெறுபவரின் தகவலை ரகசியமாக வைப்பது அவருடைய உரிமை என்று அது சொல்கிறது. மாமியார் போன் போட்டு மருமகள் என்ன சொன்னாள் என்று கேட்டால், சொல்ல முடியாதும்மா என்று மரியாதையாக மறுக்கும் துணிவு ஆலோசகருக்கு வேண்டும். இதற்கு விதிவிலக்குகளும் உண்டு; உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, குழந்தைமீது பாலியல் வன்முறை நடந்திருந்தாலோ வாய் திறந்தாக வேண்டும். இரண்டாவதை 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறது. இந்த எல்லைகளை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

யார் ஆலோசகர்?

கவுன்சிலிங் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலை நம்மிடம் நெடுநாள் இருந்தது. மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். மற்ற ஆலோசகர்களுக்கு அப்படி ஒரு ஒழுங்கு இல்லாமலேயே இருந்தது. 2021ஆம் ஆண்டு வந்த துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம், உளவியலாளர், ஆலோசகர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது மாவட்டம் வரைக்கும் உயிர்பெற வேண்டும்.

பட்டம் இருந்தால்தான் பயன் உண்டா என்றால், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்துத் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்ததால் நோயும் முடக்கமும் ஓரளவு குறைந்தன. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் பலன் கூடுதலாக இருந்தது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலப் படிப்பு ஏதும் இல்லாத உள்ளூர் மனிதர்கள், சில வாரப் பயிற்சிக்குப் பிறகு, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வுக்கு ஆலோசனை தந்து பலன் காட்டினார்கள். இவை எல்லாவற்றிலும் மாறாத நிபந்தனை ஒன்று உண்டு: அந்தப் பணியாளர்களை மேற்பார்வை செய்ய அனுபவசாலிகள் இருந்தார்கள், அவர்கள் செய்த வேலை தொடர்ந்து விவாதிக்கப்பட்டது. மேற்பார்வை இல்லாத ஆலோசகர், எவ்வளவு படித்திருந்தாலும், தன் விருப்பு வெறுப்பையே சிகிச்சை என்று நம்பத் தொடங்கிவிடுவார்.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு சாட்சி. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வு, மனநலக் கோளாறுகள் பலவற்றில் சிகிச்சை கிடைக்காதோர் 70 விழுக்காட்டுக்கும் மேல் என்று காட்டியது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டம் வந்த பிறகும் ஒரு பீடித் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பும் நிலைதான் என்றால், ஆலோசனை அவருக்கு எட்டாக்கனியாகவே இருக்கும்.

செய்ய வேண்டியது தெளிவு. ஆய்க்குடியில் குழந்தைகளுக்காக நடக்கும் வீடுதேடிப் போகும் முறையையும், மஞ்சக்குடியில் குடிநோய்க்காக நடந்த ஊர்முகாம் முறையையும் இணைத்து, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மேற்பார்வையோடு கூடிய ஆலோசகர் ஒருவர் உட்கார வேண்டும். அவர் உள்ளூர்ப் பேச்சுப் பேசுபவராக இருக்கட்டும். ஆனால் அந்த ஊரின் சொந்தக்காரராக இருக்க வேண்டாம். ஜமாத்தும் சமுதாய அமைப்புகளும் திருச்சபையும் தங்களிடம் வரும் குடும்பங்களை அவரிடம் அனுப்பும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலோசகரைத் தேடிப் போகும்போது கூச்சப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள். என்ன படித்தீர்கள்? உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் யார்? என்னைத் தனியாகவும் பார்ப்பீர்களா? நான் சொல்வது யாருக்குப் போகும்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் உட்காருங்கள். அனுசரித்துப் போ என்பதை மட்டுமே மருந்தாகத் தருபவரிடமிருந்து எழுந்து வாருங்கள். உடனே பேச ஆள் வேண்டும் என்றால், 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல், எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை இன்றே வீட்டில் உள்ள எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.